எதிர்த்தாப்பல டீக்கடையில் விசாரித்த பல்கலைக்கழகம்

ஐரோப்பாவில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்குள் நான் நுழைந்தது கழிவறை தேடி. சுற்றுலா வழிகாட்டி குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ மணிக்கூண்டின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நேரத்தில் எந்தப் பெருமையும் காதில் ஏறவில்லை. திறந்து கிடந்த பெரிய கதவு ஒன்றுக்குள் புகுந்தேன். காவலாளி என்னைப் பேராசிரியர் என்று நினைத்து வணக்கம் சொன்னார். வழுக்கைக்கு அந்த ஊரில் நல்ல மரியாதை. வெளியே வந்து, முகத்தில் தெரிந்த நிம்மதியோடு வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டதுதான் கோளாறு. ‘பாவா அங்க லெக்சர் குடுத்திருக்காங்க’ என்று அருப்புக்கோட்டையிலிருந்து என் மனைவியின் தம்பி சந்திரன் எழுதினார். பாவா என்பது நான்தான், அக்கா புருஷன். குழுவே கைகூப்பியது. நான் மறுக்கவில்லை. மறுப்பதற்குள் வாழ்த்துகள் வந்துவிட்டன. வாழ்த்தியவர்களை முட்டாளாக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். மறுக்க வேண்டிய இடத்தில் வாயைத் திறக்காமலிருப்பது என் பிறவிக் குணம்.

அதன் பலன் இந்த ஆனியில் வந்தது. சந்திரனின் மகள் கீர்த்தனாவுக்கு எம்.எஸ்ஸி. உளவியலில் இடம் கிடைத்திருந்தது. பாதிரிமார் நடத்தும் தனியார் பல்கலைக்கழகம். திங்கட்கிழமை சேர வேண்டும். சேர்ப்பதா, இல்லை படிப்பை இதோடு நிறுத்திவிட்டு வரன் பார்ப்பதா என்று சந்திரனுக்கு ஒரே குழப்பம். கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களை அறிந்தவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்தான். அவர் வெள்ளிக்கிழமை காலை கண் எரிச்சலோடு அருப்புக்கோட்டையில் வந்து இறங்கினார்.

சென்னைக்காரனான எனக்கு இந்த ஊர் ஏறக்குறைய வெளிநாடு. சென்னையில் விருந்தாளியைப் பார்த்து ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்பார்கள். ‘ஆச்சு’ என்று பொய் சொல்லித் தப்பிக்கலாம். இங்கே யாரும் கேட்பதில்லை, இலையைப் போட்டுவிடுகிறார்கள். இட்லிக்குப் பின் பூரி, பூரிக்குப் பின் ‘வழிக்கு’ என்று சேவும் சீனிமிட்டாயும். நான் வந்தே சேர்ந்துவிட்டேன், இனி எந்த வழிக்கு என்று கேட்க வாய் ஒழியவில்லை.

எங்களுக்கு நெசவு பரம்பரைத் தொழில். வீட்டில் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். என் கன்னடம் சென்னையில் கிடந்து துருப்பிடித்தது. ஆகவே சந்திரன் வீட்டுப் பேச்சையெல்லாம் தமிழாக்கித்தான் தருகிறேன். பிழை இருந்தால் என் மனைவி திருத்துவாள், கேட்காமலே திருத்துவாள்.

“பாவா, நேரா உள்ள போயிராதீங்க” என்றார் சந்திரன். “உள்ள போனா நல்லதத்தான் காட்டுவாங்க. எதிர்த்தாப்பல டீக்கடை இருக்கும். அங்க உக்காந்து சும்மா பேச்சுக் குடுங்க. நாம யாரு, எதுக்கு வந்தோம்னு சொல்லக் கூடாது. எத்தன வருஷமா இருக்காங்க, பூர்வீகம் எங்க, எங்கெங்க எடம் இருக்கு, பழக்கவழக்கம் எப்படி, தண்ணி எப்படி. இம்புட்டையும் கறந்துட்டு வந்துருங்க.”

“சந்திரா, இது மாப்பிள்ளை வீடு விசாரிக்கிற முறை இல்லையா?”

“பின்ன? பொண்ண ரெண்டு வருஷம் அனுப்புறோம் பாவா. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு முறை, காலேஜுக்கு வேற முறையா?”

என்னையும் அப்படித்தான் விசாரித்தார்களாம். அன்றுதான் சொன்னார். எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர் என்னைப் பற்றி ‘தங்கமான பையன்’ என்றிருக்கிறார். அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது. கல்யாண விஷயத்தில் ஒருத்தரைப் பற்றிக் கெடுத்துச் சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை. என் மண வாழ்க்கை இந்த அஸ்திவாரத்தின் மேல்தான் முப்பது வருஷமாக நிற்கிறது.

கீர்த்தனா பல்கலைக்கழகத்தின் வழவழப்பான கையேட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். “மாமா, ஆபீஸ்னு ஒண்ணு இருக்கும். கேட்டா எல்லாம் சொல்வாங்க.”

“உங்கப்பா டீக்கடைன்னு சொல்லிட்டாரும்மா.”

கையேட்டில் மூன்று வளாகங்கள் இருந்தன. நகரத்தில் ஒரு தாய் வளாகம், எங்கள் வறண்ட பூமியில் அதன் பிள்ளைகள் இரண்டு. “இதுல உன்னோடது எது?” என்றேன்.

“எல்லாம் ஒரே யுனிவர்சிட்டிதான் மாமா” என்றவள், திடீரென்று மல்லிகை மொட்டுகளை அள்ளிப் பூக்கட்ட உட்கார்ந்துவிட்டாள். “கண்டக்டர்கிட்ட கேளுங்க, சொல்வாரு.” நான் செருப்பு மாட்டும்போது தலையைத் தூக்காமலே சொன்னாள்: “எனக்கு இதுதான் வேணும் மாமா. அப்பா சரின்னு சொல்ற மாதிரி ஏதாவது செஞ்சிருங்க.”

சனிக்கிழமை. கண்டக்டரிடம் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னேன். அவருக்கு அந்தப் பெயர் பழக்கமில்லை.

“ரோட்டுக் காலேஜா, காட்டுக் காலேஜா?”

ரோட்டுக் காலேஜ் பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டின் மேலேயே இருக்கிறதாம். காட்டுக் காலேஜ் திருச்சுழி தாண்டி, பரளச்சிப் பக்கம். இந்தப் பக்கத்தில் காடு என்றால் மரங்களைத் தேட வேண்டாம். மழையை நம்பி விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலத்துக்குத்தான் அந்தப் பெயர்.

“மனசைப் பத்திப் படிக்கிறது எங்கங்க?”

கண்டக்டர் விசிலைக் கையில் உருட்டியபடி யோசித்தார். “மனசா? அமைதியா இருக்கிற எடத்துலதேன் படிக்க முடியும். காட்டுக் காலேஜு. ஏறுங்க.”

இந்த வாதத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஏறினேன். பஸ் நடுவழியில் ஒரு வீட்டு முன்னால் நின்றது. டிரைவர் இறங்கிப் போய் ஒரு செம்பு மோர் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தபடி வந்தார். சென்னையாக இருந்தால் நாலு பேர் வீடியோ எடுத்திருப்பார்கள். இங்கே பின்சீட்டுக்காரர், “எனக்கு ஒரு மடக்கு வச்சியா மாப்ளே?” என்று மட்டும் கேட்டார்.

பஸ் இறக்கிவிட்ட முக்கிலிருந்து ஷேர் ஆட்டோ. டிரைவரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். இவ்வளவு பெரிய பல்கலைக்கழகம் இந்தப் பொட்டலுக்கு எப்படி வந்தது?

“அது பஞ்சத்துல வந்துச்சு சார். எங்க தாத்தா காலம். வெள்ளக்கார ஃபாதர் ஒருத்தரு கோதுமையும் பால்பவுடரும் கொண்டாந்தாரு. சும்மா குடுத்தா வாங்க மாட்டோம்னுட்டாக எங்க ஆளுக. சரி, கண்மாய் வெட்டுங்க, கூலியாத் தாரேன்னாரு. வெட்டுனாக, வெட்டுனாக, வெட்டிக்கிட்டே இருந்தாக. மழையத்தான் காணோம். அம்புட்டுப் பெரிய குழிய வச்சுக்கிட்டு என்ன செய்யிறதுன்னு பாத்தாரு. அஸ்திவாரம் போட்டுட்டாரு.”

பின்னால் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கொந்தளித்துவிட்டார். “கோதுமையுமில்ல, கொள்ளுமில்ல. நீ கண்ட? ஃபாதர் மோட்டார் சைக்கிள்ள போகயில இந்த எடத்துல பஞ்சரு. ஒட்டுறவன் டவுனுலயிருந்து வரணும். சும்மா இருக்க முடியாம, ஆடு மேச்ச பிள்ளைகள உக்கார வச்சு அ, ஆ சொல்லிக் குடுத்தாரு. ஒட்டுறவன் வாரதுக்குள்ள பள்ளிக்கூடம் ஆரம்பிச்சுப்போச்சு.”

“அப்ப அந்தக் குழி யாரு வெட்டுனது?”

“ஒங்க தாத்தன் வெட்டியிருப்பான், வேற சோலி இல்லாம.”

நான் கையேட்டைப் புரட்டினேன். நகரத்தில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக ஒரு ஓட்டுக் கொட்டகையில் தொடங்கியது, பள்ளியாகி, கல்லூரியாகி, பல்கலைக்கழகமாகி, ‘இறைவனின் சித்தப்படி’ வறண்ட நிலத்துக்கு வந்தது என்று இருந்தது. அந்தச் சித்தம் கோதுமையாக வந்ததா, பஞ்சராக வந்ததா என்று அதில் விவரம் இல்லை. மூன்றையுமே நம்பிவிட்டு இறங்கினேன்.

கண்ணுக்கெட்டியவரை சீமைக்கருவேலம். நடுவில் ஒரு வளைவு, வெள்ளை மாதா சிலை, வேப்பமர வரிசை, ஆள் அரவமில்லாத அமைதி. எதிர்த்தாப்பல, சந்திரன் வாக்குப்படி, டீக்கடை. கடைக்காரர் பெயர் மாடசாமி. டீ ஆற்றிக்கொண்டே என் வெளுத்த சட்டையையும், கையேட்டை மறைத்து வைத்திருந்த மஞ்சள் பையையும் பார்த்தார்.

“எந்த ஊரு சார்?”

“அருப்புக்கோட்டைப் பக்கம்.”

“சேலைக் கடையா?”

“மைத்துனருக்கு.”

எல்லாம் விளங்கிவிட்டது போல ஒரு சிரிப்புச் சிரித்தார். கேட்காமலே வடை வந்தது. நான் பொதுவாகக் கேட்பதுபோல வளாகத்தைப் பார்த்து முகத்தை ஆட்டிக் கேட்டேன். “இங்க வந்து ரொம்ப வருஷமாச்சோ?”

“ஆச்சு சார். பூர்வீகம் டவுனு. அங்க சொந்த எடம் இருக்கு. ஆனா இங்கதேன் மனசு ஒட்டிப்போச்சு.”

“பழக்கவழக்கமெல்லாம்…”

“சேச்சே! பீடி வாடை கூட ஆகாது. எங்கிட்ட டீ ஒண்ணுதேன். அதுவும் சீனி கம்மியா.”

ஒரு பல்கலைக்கழகம் முழுவதும் சீனி குறைத்துக் குடிப்பது எனக்கு வியப்பாக இருந்தது. கட்டுப்பாடு என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். “தண்ணி?”

“அதுவும் தொடுறதில்ல.”

குடிதண்ணீரையா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மாடசாமி கடைக்குப் பின்னால் போய் யாரிடமோ போனில் குசுகுசுவென்று பேசிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். “வாங்க சார், உள்ள போவோம். அம்மா இருக்காக. வெளிய நின்னு விசாரிக்கிறத விட நேர்ல பாத்துருங்க.”

மடத்தின் மதர் போலிருக்கிறது என்று சட்டையைச் சரி செய்துகொண்டு போனேன். ஆசிரியர் குடியிருப்பில் ஒரு வீட்டின் முன்னால் நிறுத்தினார். கதவைத் திறந்த அம்மாள் பட்டுப்புடவையில் இருந்தார். அது மட்டுமில்லை, எங்கள் வீட்டுப் பாஷையிலேயே “வாங்க, வாங்க” என்றார். பெயர் ராஜாமணியம்மாள், மகன் இங்கே வேலை பார்ப்பதாகச் சொன்னார். நம் ஆள் ஒருவர் உள்ளேயே இருக்கிறாரே, எல்லாவற்றையும் இவரிடமே கேட்டுவிடலாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். கேசரி வந்தது. முந்திரி தாராளம்.

“பொண்ணு என்ன படிச்சிருக்கு?”

“டிகிரி முடிச்சிருக்கு. எம்.எஸ்ஸி. சேரணும்னு ரொம்ப ஆசைப்படுது.”

“சேரட்டுமே. எம்.எஸ்ஸி. முடிச்சாத்தான் எங்களுக்கும் கௌரவம்.”

இப்படிப் பேசும் ஒரு கல்வி நிறுவனத்தை நான் கண்டதில்லை. அடுத்து, சந்திரன் கேட்கச் சொன்ன போக்குவரத்து. “தினம் வந்து போறதுக்குச் சிரமம் இருக்குமோ?”

“எதுக்கு வந்து போகணும்? இங்கயே இருக்கட்டும். நான் சமைச்சுப் போடுறேன். ஆடி, தீபாவளின்னா அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரட்டும்.”

விடுதி வார்டன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! சென்னையில் என் மகன் இருந்த விடுதியில் சாம்பாரில் பருப்பு எங்கே என்று கேட்டதற்கு விளக்கம் கேட்டார்கள். நான் நெகிழ்ந்துபோய் இரண்டாவது முறை கேசரி வாங்கிக்கொண்டேன். வாய் நிறைய இருந்தபோது அம்மாள் கேட்டார்:

“ஜாதகம் கொண்டாந்திருக்கீங்களா?”

கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர ஜாதகமா? ஐரோப்பாவில் கேட்கவில்லையே என்று ஒரு கணம் யோசித்தேன். ராஜாமணியம்மாள் செல்போனை நீட்டினார். அதில் கண்ணாடி போட்ட ஓர் இளைஞர் கரும்பலகை முன்னால் சிரித்துக்கொண்டிருந்தார். “மேத்ஸ். அசிஸ்டென்ட் ப்ரொஃபசர். இப்ப க்ளாஸ்ல இருக்கான்.”

அருப்புக்கோட்டைச் சேலைக்கடைக்காரர் வீட்டு ஆள், வெளுத்த சட்டை, மஞ்சள் பை, பெயர் சொல்லாமல் டீக்கடை விசாரணை. மாடசாமிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? வளாகத்தில் இருந்த எங்கள் பாஷைக்காரக் கல்யாணமாகாத பையன் ஒருவரைத்தான் அவ்வளவு நேரமும் எனக்குச் சிபாரிசு செய்திருக்கிறார்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை, ‘அம்மா, நான் அதுக்கு வரல’ என்று சொல்லியிருக்கலாம். கேசரியை விழுங்கினேன். அந்த முகத்தின் சந்தோஷத்தைப் பார்த்தேன். “ஜாதகம் அப்புறம் அனுப்புறோம்” என்றேன். வாசலில் மாடசாமி என் தோளைத் தட்டினார். “நம்ம வாயால ஒரு நல்ல காரியம், சார்.”

கிடைத்த முதல் ஷேர் ஆட்டோவில் ஏறி ஒளிந்துகொண்டேன். எங்கே போகிறது என்று கேட்கவில்லை. அது எம்.ரெட்டியபட்டி, இன்னும் எங்கெங்கோ பருத்திக் காட்டுக்குள் புகுந்து, ஆளை ஏற்றி ஆளை இறக்கி, கடைசியில் என்னைப் பந்தல்குடியில் உதிர்த்தது. நேர் எதிரே ரோட்டுக் காலேஜ். தூத்துக்குடி லாரிகள் வரிசையாக நின்றன. பரோட்டாக் கல் சத்தம், ஏர்ஹாரன், சுற்றுச்சுவர் மேல் உட்கார்ந்து பையன்களும் பெண்களும் ஒரே பாக்கெட் முறுக்கை ஆளுக்கொன்றாகத் தின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே யாரோ டிரம் அடித்துப் பழகினார்கள். நல்லவேளை, நம் பெண்ணுக்கு இது இல்லை என்று நினைத்தபடி பஸ் ஏறினேன்.

எனக்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போயிருந்தது. ராஜாமணியம்மாளின் தங்கை அருப்புக்கோட்டையில்தான் இருக்கிறாராம். சந்திரன் தெருமுனை வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாவா! காலேஜு பாக்க அனுப்பினா சம்பந்தமே பேசி முடிச்சிட்டு வந்திருக்கீங்களே! பையன் ப்ரொஃபசராம், பீடி கூடக் கிடையாதாம்!”

“சந்திரா, நான் காலேஜைத்தான் விசாரிச்சேன். அவங்களா…”

“அதான் பாவா உங்க கைராசி. இனி எம்.எஸ்ஸி. எதுக்கு? ஆவணியில வச்சுக்கலாம்.”

நான் பேச்சை மாற்றுவதாக நினைத்து ரோட்டுக் காலேஜின் லாரிகளையும் முறுக்கையும் வர்ணித்தேன். “அந்தக் காலேஜுன்னா நான் செத்தாலும் அனுப்ப மாட்டேன்” என்றார் சந்திரன். கீர்த்தனா எனக்குக் கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரவு அவள் சாப்பிட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வரவில்லை. இலை போட்டு அழைக்கும் வீட்டில் ஓர் இலை காலியாகக் கிடப்பது எவ்வளவு பெரிய சத்தம் என்று அன்று தெரிந்தது. எனக்குப் பூரி இறங்கவில்லை. மறுநாள் சேர வேண்டும். அந்தப் பெண்ணின் படிப்பை நான் கேசரியோடு சேர்த்து விழுங்கியிருந்தேன்.

மதியம் அவளே கூடத்துக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது, குரல் தெளிவாக இருந்தது.

“மாமா, அந்த அம்மா படிப்பைப் பத்தி என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

“எம்.எஸ்ஸி. முடிச்சாத்தான் எங்களுக்கும் கௌரவம்னாங்க.”

“கேட்டீங்களாப்பா? மாமா பேசிட்டு வந்த பேச்சு அது. படிக்காம அனுப்பினா அவங்களுக்குக் கௌரவக் குறைச்சல். மாமா வாக்குத் தவறினாருன்னு ஊர்ல பேசுவாங்க.”

சந்திரன் என்னைப் பார்த்தார். நான் வாக்குத் தவறாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் உடனே ராஜாமணியம்மாளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை வைத்தார். “சொன்னீங்களாம்ல?” மறுமுனையில் அந்த அம்மாள் இழுத்தார். “சொன்னேன்… சொன்னது என்னவோ சொன்னேன்தான்.” கௌரவம் என்று வாயால் சொல்லிவிட்ட பிறகு யார் பின்வாங்குவார்கள்? இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டது.

“அப்பச் சரி” என்றார் சந்திரன், களைத்துப்போய். “படிச்சு முடிக்கட்டும்.”

கீர்த்தனா எனக்குக் காபி கொண்டுவந்தபோது தாழ்ந்த குரலில், “கல்யாணத்துக்கு நான் சரின்னு சொல்லவே இல்ல மாமா, கவனிச்சீங்களா?” என்றாள். நான் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை நகரத்துத் தாய் வளாகத்துக்கு மூவரும் போனோம். எந்த வளாகமானாலும் சேர்க்கை அங்கேதான். படிவத்தைக் கீர்த்தனாவே நிரப்பினாள். கருங்கல் கட்டடம், உயரமான தேவாலயம், வராந்தாவில் காலம்சென்ற பெரியவர்களின் படங்கள். அந்த ஓட்டுக் கொட்டகையைக்கூட இடிக்காமல் கம்பி கட்டி வைத்திருந்தார்கள். சந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். கோயில் மாதிரி இருக்கிறது என்றார். படங்களில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரரைக் காட்டி, கோதுமையா பஞ்சரா என்று அங்கிருந்த இளம் பாதிரியாரைக் கேட்டேன். அவர், “அவர் இந்தியாவுக்கே வந்ததில்லை சார். பணம் அனுப்பினவர்” என்றார். நான் அத்தோடு வரலாற்றை விட்டுவிட்டேன்.

இது நடந்து கொஞ்ச காலமாகிறது. ராஜாமணியம்மாள் வீட்டில் இரண்டு வருஷம் காத்திருக்கவில்லை. மகனுக்கு ஏற்கெனவே எம்.எஸ்ஸி. முடித்த பெண்ணாகப் பார்த்து நிச்சயம் செய்துவிட்டார்கள். பத்திரிகை எனக்கும் வந்தது. கீர்த்தனா தினமும் வீட்டுப் பக்கத்தில் வந்து நிற்கும் பல்கலைக்கழகப் பஸ்ஸில் போய் வருகிறாள். பஸ் எந்தத் திசையில் திரும்புகிறது என்று சந்திரன் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவர் கடையில் இருப்பார். அவர் கட்டுரைகள் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் மீதியையும் எழுதுகிறேன்.

போன வாரம் அவள் போன் செய்தாள். பேச்சுக்கு நடுவில் காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு ஏர்ஹாரன்.

“எங்கம்மா இருக்க? பஸ் ஸ்டாண்டா?”

“க்ளாஸ்ல மாமா. ஜன்னல் பக்கம்.”

“காட்டுக் காலேஜுல லாரி ஏதும்மா?”

“உளவியல் என்னைக்கும் ரோட்டுக் காலேஜுலதான் மாமா. அங்க மேத்ஸும் பிசிக்ஸும்தான்.”

இது அவளுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். பூக்கட்ட உட்கார்ந்தபோதே தெரியும் என்றாள். அப்படியானால் நான் வெயிலில் அலைந்து விசாரித்ததெல்லாம் என்ன என்று கொஞ்சம் வருத்தமாகவே கேட்டேன். அவள் ஆறுதலாகத்தான் பதில் சொன்னாள்.

“அடுத்த வருஷம் சித்தப்பா பொண்ணுக்குக் காலேஜு பாக்கணும். உங்களையே அனுப்பச் சொல்லியிருக்கேன் மாமா. ஒழுங்கா விசாரிக்கிற ஆளு யாரையாவது அனுப்பிட்டா காரியம் கெட்டுப்போயிரும்.”